சொல்லவேண்டிய கடமை யாருடையது?
மாற்றியமைக்கப்பட்ட மோட்டார் வண்டியும் காப்புறுதி ஒப்பந்தமும் – ஒரு வரலாற்று நோக்கு

மோட்டார் வண்டியொன்றின் உரிமையாளர் அதன் இயந்திரத்தின் வலுவைக் கூட்டுகிறார். அல்லது சில்லுகளை மாற்றுகிறார். அல்லது கால் வழங்காத ஒருவர் கையால் இயக்கத்தக்க தடுப்புக் கருவியைப் பொருத்திக்கொள்கிறார். இம்மாற்றத்தைக் காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தாரா என்ற வினா, விபத்து நிகழும்வரை எழுவதில்லை. நிகழ்ந்தபின் அவ்வொரு வினாவே அவர் நட்டஈடு பெறுவாரா, கடனாளியாவாரா என்பதைத் தீர்மானிக்கும் வினாவாகிவிடுகிறது. மேலோட்டமாகப் பார்ப்போருக்கு இஃது அலுவலக நடைமுறை சார்ந்த ஒரு சிறு விடயமாகவே தோன்றும். ஆயினும், ‘கேளாமலே சொல்லவேண்டும்’ என்ற இக்கடமை எவ்வாறு தோன்றியது, எவரது நலனுக்காக வளர்க்கப்பட்டது, எவரது தோள்களில் இறுதியில் ஏற்றப்பட்டது என்பவற்றை ஆராயுமிடத்து, வணிக மூலதனத்திலிருந்து நிதி மூலதனம் வரையிலான ஒரு நீண்ட சமூக வரலாறு இதனுள் உறைந்து கிடப்பதைக் காணலாம். அவ்வரலாற்றின் முக்கிய கட்டங்களை, இச்சட்டத்தின் தாயகமான இங்கிலாந்தை மையமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வணிகர்களின் நம்பிக்கை

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் எட்வேட் லொயிட் என்பவரின் கோப்பிக்கடையிலே கப்பல் உரிமையாளரும் பணம் படைத்தோரும் கூடிக் கடற்பயண ஆபத்துகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். ஒப்பந்தத்தின் இரு திறத்தாரும் ஏறத்தாழ ஒரே வர்க்கத்தினர். ஒரே செய்திகளைக் கேட்போர். ஒரே கடைவீதியில் நடமாடுவோர். கப்பல் எங்கே நிற்கிறது, எந்நிலையில் உள்ளது என்பது மாத்திரம் ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாதிருந்தது. இச்சூழலிலேதான் காப்புறுதியின் ‘அதியுயர் நம்பிக்கைக் கோட்பாடு’ கருக்கொண்டது.

இக்கோட்பாட்டின் மூலவழக்காக எல்லோராலும் எடுத்துக்காட்டப்படுவது 1766ஆம் ஆண்டின் கார்ட்டர் எதிர் போயெம் என்னும் வழக்காகும். சுமாத்திராத் தீவின் பெங்கூலன் பகுதியில், மிளகு வணிகத்தின் பொருட்டுக் கிழக்கிந்தியக் கம்பனி அமைத்திருந்த மால்பரோக் கோட்டையின் ஆளுநர் கார்ட்டர். ஐரோப்பிய எதிரியொருவரால் கோட்டை கைப்பற்றப்படக்கூடிய ஆபத்துக்கெதிராக அவர் ஓராண்டுக் காலத்துக்குக் காப்புறுதி பெற்றிருந்தார். 1760இல் பிரெஞ்சுப் படை கோட்டையைக் கைப்பற்றியது. கோட்டையின் பலவீனத்தையும் பிரெஞ்சுக்காரர் தாக்கக்கூடும் என்ற ஐயத்தையும் ஆளுநர் மறைத்துவிட்டார் என்று கூறிப் பணம் கொடுக்க மறுத்தார் காப்புறுதியாளர்.

வழக்கை விசாரித்த மான்ஸ்பீல்ட் பிரபு, மறைத்தல் ஒப்பந்தத்தைக் கெடுக்கும் என்ற பொதுவிதியை வகுத்தார். ஆனால் அவர் தீர்ப்பு வழங்கியதோ ஆளுநருக்குச் சார்பாக. ஐரோப்பாவில் நடைபெறும் போரின் போக்கை இலண்டனிலிருந்த காப்புறுதியாளரும் அறிந்திருக்க முடியும். அக்கோட்டை ஐரோப்பியப் படையைத் தாங்கக் கட்டப்பட்டதன்று, சுதேசிகளைத் தடுக்கக் கட்டப்பட்டது என்பதும் பலரறிந்த செய்தி. வினா எதுவும் எழுப்பாது கட்டுப்பணத்தைப் பெற்றுக்கொண்டவர் பின்னர் அறியாமையைக் காரணங்காட்டித் தப்பமுடியாது என்பதே அவர் நியாயத்தின் சாரம். நம்பிக்கை என்பது இரு திறத்தாரையும் பிணைப்பது என்று அவர் கருதினார். காப்புறுதி பெற்றவர் வென்ற ஒரு வழக்கு, பின்வந்த நூற்றைம்பது ஆண்டுகளில் காப்புறுதி பெறுவோரைத் தோற்கடிக்கும் ஆயுதமாக மாற்றப்பட்டமை ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

அந்நம்பிக்கையின் எல்லைகளையும் நாம் மறத்தலாகாது. 1781இல் சொங் என்ற கப்பலிலிருந்து 130க்கு மேற்பட்ட ஆபிரிக்க அடிமைகள் கடலில் வீசப்பட்டனர். உரிமையாளர் அவர்களை ‘இழந்த சரக்கு’ எனக் காட்டிக் காப்புறுதிப் பணம் கோரினர். 1783இல் இவ்விவகாரம் மான்ஸ்பீல்ட் பிரபுவின் முன் வந்தபோதும் அது கொலை வழக்காக அன்றிக் காப்புறுதி வழக்காகவே வந்தது. வணிகருக்கிடையே நிலவிய நம்பிக்கை, அவ்வணிகத்தின் பொருளாக்கப்பட்ட மனிதரைத் தீண்டவில்லை.

2. நீராவி இயந்திரமும் மாற்றம் என்ற பிரச்சினையும்

கடலில் மிதக்கும் கப்பல் ஒரு பயணத்துக்குள் பெரிதும் மாறுவதில்லை. ஆனால் கைத்தொழிற்புரட்சி உருவாக்கிய தொழிலகமோ நாள்தோறும் மாறுவது. உற்பத்திக் கருவிகளை ஓயாது மாற்றியமைத்தலே முதலாளித்துவத்தின் உயிர்ப்பு எனின், மாறும் பொருளொன்றுக்கு மாறாத பத்திரமொன்றின்மூலம் எவ்வாறு காப்புறுதி வழங்குவது என்ற முரண்பாடு தவிர்க்கவியலாதது. இன்று மோட்டார் வண்டியின் ‘மாற்றியமைப்பு’ எனப்படும் பிரச்சினையின் உண்மையான பிறப்பிடம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தீக் காப்புறுதியே எனலாம்.

1837ஆம் ஆண்டின் ஷோ எதிர் றொபேட்ஸ் வழக்கு ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. தானியம் உலர்த்தும் சூளை ஒன்றுக்குக் காப்புறுதி பெறப்பட்டிருந்தது. அண்மையில் மூழ்கிய படகொன்றிலிருந்த மரப்பட்டை நனைந்துவிட, அதனை அச்சூளையில் ஒருமுறை கூலியின்றி உலர்த்திக்கொள்ள உரிமையாளர் இடங்கொடுத்தார். தீப்பற்றியது. மாற்றத்தை அறிவிக்கவில்லை எனக் கம்பனி வாதிட்டது. அயலவர்க்குச் செய்த ஒருதடவை உதவி தொழிலின் மாற்றமாகாது என நீதிமன்று கொண்டது. 1843இல் பிம் எதிர் றீட் வழக்கிலும், காகித உற்பத்தியாளரின் இடத்தில் தீயபாயம் மிகுந்த பஞ்சுக் கழிவுத் தொழில் பின்னர் தொடங்கப்பட்டமையால் மாத்திரம் ஒப்பந்தம் முறியாது எனத் தீர்க்கப்பட்டது. அதாவது, ஒப்பந்தம் கைச்சாத்தான பின்னர் ஏற்படும் மாற்றங்களைத் தானாகச் சென்று அறிவிக்கும் பொதுக்கடமை எதனையும் ஆங்கிலப் பொதுச்சட்டம் காப்புறுதி பெற்றவர்மீது சுமத்தவில்லை.

சட்டம் தராததைக் கம்பனிகள் ஒப்பந்த வாசகத்தின்மூலம் பெற்றுக்கொண்டன. 1853ஆம் ஆண்டின் கிளென் எதிர் லூயிஸ் வழக்கில், நீராவி இயந்திரம் எதனையும் அறிவியாது உட்கொணரலாகாது என்ற நிபந்தனை பத்திரத்தில் இருந்தது. தொழிலிடத்தின் உரிமையாளர் சிறிய இயந்திரமொன்றைப் பரீட்சார்த்தமாக வைத்துப் பார்த்தார். தீ விபத்தின்பின் அவர் எதனையும் பெறவில்லை. பரீட்சார்த்தமா, நிரந்தரமா என்ற வேறுபாட்டை நீதிமன்று பொருட்படுத்தவில்லை; வாசகம் வாசகமே. மோட்டார் வண்டியில் புதிதாக ஒன்றைப் பொருத்திவிட்டு அறிவிக்கத் தவறுபவரின் நேர்மூதாதை இந்தக் கிளென் வழக்கின் உரிமையாளரே ஆவார்.

இங்கு இரு கடமைகளைப் பிரித்துணர்தல் அவசியம். ஒப்பந்தம் செய்யும்போதும் புதுப்பிக்கும்போதும் உள்ளவற்றைச் சொல்லும் கடமை சட்டத்தினால் வருவது. இடைக்காலத்தில் செய்யும் மாற்றத்தைச் சொல்லும் கடமை பத்திரத்தின் வாசகத்தினால் வருவது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிவைத்தல் எப்பொழுதும் கம்பனிகளுக்கே அனுகூலமாயிருந்து வந்துள்ளது.

3. யாருடைய மனம் அளவுகோல்?

1906ஆம் ஆண்டின் கடற் காப்புறுதிச் சட்டம் வழக்குகளில் சிதறிக் கிடந்த விதிகளைத் தொகுத்தது. எது சொல்லப்படவேண்டிய முக்கிய விடயம்? கட்டுப்பணத்தை நிர்ணயிப்பதிலோ ஆபத்தை ஏற்பதிலோ ‘விவேகமான காப்புறுதியாளர்’ ஒருவரின் தீர்மானத்தைப் பாதிக்கக்கூடிய ஒவ்வொரு சூழ்நிலையும் என்பது அச்சட்டத்தின் விடை. கடற் காப்புறுதிக்கென எழுதப்பட்ட இவ்வளவுகோலை நீதிமன்றுகள் ஏனைய காப்புறுதிகளுக்கும் விரித்துப் பிரயோகித்தன.

இவ்விதியின் வர்க்கத் தன்மை அதன் இலக்கணத்திலேயே வெளிப்படுகிறது. சொல்லவேண்டியவர் வாகன உரிமையாளர். எதைச் சொல்லவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதோ அவர் காணாத, அறியாத காப்புறுதியாளரின் மனம். கப்பல் வணிகருக்கு அம்மனம் பரிச்சயமானது. பேக்கரி வானோட்டிக்கோ ஆலைத் தொழிலாளிக்கோ அஃது இருள். அலங்காரச் சில்லு திருடரைக் கவரும் என்பதனால் கட்டுப்பணத்தைப் பாதிக்கும் என்று எந்த உரிமையாளர் தாமாக ஊகிப்பார்? சமத்துவமுடையோருக்கிடையே பிறந்த விதி, சமத்துவமற்றோருக்கிடையே பிரயோகிக்கப்படும்போது தன் வடிவத்தை மாற்றாமலே தன் உள்ளடக்கத்தை மாற்றிக்கொள்கிறது.

4. படிவம் என்னும் பனுவல்

இலக்கிய மாணவரின் கவனத்துக்குரிய ஒன்றும் இங்குண்டு. முன்மொழிவுப் படிவம் தன்மை ஒருமையிலே பேசுகிறது: நான் கூறுவன யாவும் உண்மை, இவையே ஒப்பந்தத்தின் அடிப்படை என்று. ஆனால் அந்த ‘நான்’ எழுதிய வாசகம் அதுவன்று. கம்பனி எழுதியது, ‘நான்’ ஒப்பமிடுவது மாத்திரமே. பேசுபவரும் ஆக்கியோரும் வேறுபட்ட இப்பனுவலில், ஒப்பமிட்டவர் தம் விடை ஒவ்வொன்றுக்கும், அது முக்கியமானதோ அல்லவோ, முழு உத்தரவாதி ஆகிறார். ‘அடிப்படை வாசகம்’ எனப்படும் இவ்வுத்தியின் விளைவை 1922ஆம் ஆண்டின் டோசன்ஸ் எதிர் பொனின் வழக்கு காட்டுகிறது. கிளாஸ்கோ நகரின் நிறுவனமொன்று தன் லொறி வழக்கமாக நிறுத்தப்படும் இடத்தைப் படிவத்தில் தவறாகக் குறிப்பிட்டிருந்தது. லொறி தீயில் அழிந்தது. அத்தவறு ஆபத்தின் அளவைப் பாதிக்கும் முக்கியமான ஒன்றன்று எனக் கொள்ளப்பட்டும், அடிப்படை வாசகத்தின் காரணமாகப் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையால் கம்பனிக்கே சார்பாகத் தீர்த்தது.

1935ஆம் ஆண்டின் மக்கே வழக்கு இதனினும் துன்பகரமானது. முன்னொருகால் மோட்டார் சைக்கிளின் தடுப்புக் கருவி செம்மையாயில்லாமைக்காகப் பத்து ஷில்லிங் தண்டம் செலுத்திய ஒருவர், தண்டனை பெற்றதில்லை எனப் படிவத்தில் விடையிறுத்திருந்தார். அத்தண்டனை முக்கியமானதன்று என்பது நீதிபதியின் கருத்தாகவே இருந்தது. எனினும் வாசகத்தை மீற அவரால் இயலவில்லை.

5. கட்டாயக் காப்புறுதியின் முரண்பாடு

1930இல் பிரித்தானிய வீதிகளில் 7000க்கு மேற்பட்டோர் மடிந்தனர். மடிந்தோருட் பெருந்தொகையினர் வண்டி உடையோர் அல்லர். நடந்து சென்றோர், சைக்கிளில் சென்றோர். அவ்வாண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாந் திறத்தாருக்கான காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. தனியார் கம்பனிகளுக்குச் சட்டமே வாடிக்கையாளரைத் திரட்டிக் கொடுத்தது. ஆனால் சொல்லத் தவறினார் என்ற ஒரே காரணத்தால் கம்பனி விலகிக்கொள்ளுமாயின், வீதியில் அடிபட்ட தொழிலாளிக்கு அக்கட்டாயத்தால் என்ன பயன்?

இம்முரண்பாடே 1934ஆம் ஆண்டின் சட்டத்தைத் தோற்றுவித்தது. வண்டியின் நிலை, அதன் குதிரைவலு, பெறுமதி, ஏற்றிய பாரம், பொருத்திய கருவி போன்றவை சம்பந்தமான கட்டுப்பாடுகளைக் காட்டி விபத்துக்குள்ளானோருக்குப் பணம் மறுத்தலாகாது என அது விதித்தது. இயந்திரத்தின் வலுவைக் கூட்டிய குற்றத்துக்காக வீதியில் நடந்தவர் தண்டிக்கப்படலாகாது என்பது இதன் பொருள். எனினும் கொடுத்த பணத்தை உரிமையாளரிடமிருந்து மீளப்பெறும் உரிமை கம்பனிக்கு விடப்பட்டது. அன்றியும், முக்கிய விடயம் மறைக்கப்பட்டதென நீதிமன்றப் பிரகடனம் பெற்று முற்றாகத் தப்பும் வழியும் விடப்பட்டது. 1946இல் அமைக்கப்பட்ட மோட்டார் காப்புறுதியாளர் பணியகம் அவ்விடைவெளியை ஓரளவு நிரப்பிற்று. விபத்துக்கு முன்னரே பெறாத பிரகடனம் செல்லாது என்ற நிலை 2019இலேதான் ஏற்பட்டது.

6. மாற்றியமைப்போர் யாவர்?

இரண்டாம் உலகப்போரின் பின்னர் மோட்டார் வண்டி தொழிலாளர் வீடுகளையும் எட்டியது. பழைய வண்டியை வாங்கித் தன் கையாலேயே செப்பனிட்டு வலுவூட்டும் இளந்தொழிலாளி, தன் தொழிற்கருவிகளைக் கொண்டுசெல்ல வானினுள் தட்டுகள் அமைக்கும் தச்சர், கைகளால் ஓட்ட ஏற்பாடு செய்துகொண்ட அங்கவீனர் ஆகிய மூவரும் படிவத்தின் பார்வையில் ஒரே வகையினர்: ‘மாற்றியமைத்தோர்’. முதலாமவர் வேகத்துக்காக மாற்றினார். இரண்டாமவர் பிழைப்புக்காக மாற்றினார். மூன்றாமவருக்கோ மாற்றாமல் ஓட்டுதலே இயலாது. தொழிற்சாலையில் வெளிவந்த வடிவத்தையே இயல்பானதென்றும் மனிதத் தேவைக்கேற்ப அமைத்த வடிவத்தை விலகலென்றும் கொள்ளும் இந்நோக்கு, உற்பத்தியாளரின் அச்சை மனிதரின் அளவாக்குகிறது.

இவ்விடத்தில் எதிர்வாதமொன்றை நேர்மையுடன் எதிர்கொள்ளல் வேண்டும். ஆபத்து என்பது கம்பனிகளின் கற்பனையன்று. வலுக்கூட்டிய இயந்திரத்துக்கு ஏற்ற தடுப்புக் கருவி இல்லாத வண்டி உண்மையிலேயே உயிரைக் குடிக்கும். காப்புறுதி நிதி பலரின் கட்டுப்பணத்தால் ஆனது. வேண்டுமென்றே மறைப்பவர் கம்பனியை மாத்திரமன்றித் தம்மைப் போன்ற ஏனையோரையும் ஏமாற்றுகிறார். இது மறுக்கவியலாத வாதம். சொல்லுதல் வேண்டாம் என்பது முற்போக்காளரின் கோரிக்கையாக இருக்கமுடியாது. ஆபத்தைப் பொதுவிற் பகிர்தல் என்ற கருத்தின் உள்ளே கூட்டுறவின் கருவொன்று உண்டு. அக்கருவுக்கு உண்மை தேவை. பிரச்சினை வேறிடத்தில் உள்ளது: கேட்கும் கடமை யாருடையது, தவறுக்கு விளைவு எவ்வளவு என்ற இரண்டிலும்.

7. சீர்திருத்தமும் அதன் தாமதமும்

இச்சட்டத்தின் அநீதி அறியப்படாதிருந்ததன்று. 1957இல் சட்டச் சீர்திருத்தக் குழு அதனைச் சுட்டிற்று. 1977இல் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இயற்றப்பட்டபோது, காப்புறுதி ஒப்பந்தங்கள் அதிலிருந்து விலக்கப்பட்டன. அதற்கீடாக நியாயமாக நடப்போம் என்று கம்பனிகள் தாமாக வெளியிட்ட நடைமுறைக் கூற்றுகளே கிடைத்தன. உரிமை கோரப்பட்ட இடத்தில் கருணை வழங்கப்பட்டது. 1980இல் சட்ட ஆணைக்குழுவின் அறிக்கை மாற்றத்தை வலியுறுத்தியும் பாராளுமன்றம் அசையவில்லை. 1981இல் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி பணியகம் தோன்றியது.

நுகர்வோர் காப்புறுதிச் சட்டம் 2012இலேதான் நிறைவேறி 2013 ஏப்பிரல் 6இல் நடைமுறைக்கு வந்தது. தானாகச் சொல்லும் கடமை நீக்கப்பட்டது. வினவப்பட்டவற்றுக்குத் தவறான விடை அளியாதிருக்க நியாயமான கவனம் எடுக்கும் கடமை அதனிடத்தை எடுத்தது. அடிப்படை வாசகம் ஒழிக்கப்பட்டது. வேண்டுமென்றோ பொறுப்பற்றோ பொய்யுரைத்தவருக்கும் கவனக்குறைவால் தவறியவருக்கும் வேறுபாடு வகுக்கப்பட்டது. கவனக்குறைவால் தவறியவர் விடயத்தில், உண்மை தெரிந்திருப்பின் கம்பனி கூடிய கட்டுப்பணம் அறவிட்டிருக்குமாயின் நட்டஈடு விகிதாசாரமாகக் குறைக்கப்படும். 600 பவுண் செலுத்தியவரிடம் மாற்றியமைப்புக்காக 900 பவுண் கேட்கப்பட்டிருக்குமெனக் கொண்டால், 3000 பவுண் நட்டத்துக்கு அவர் 2000 பவுண் பெறுவார். பழைய சட்டத்தில் அவர் பெற்றிருக்கக்கூடியது பூச்சியமே. மாற்றியமைப்பை அறிந்திருப்பின் காப்புறுதியே வழங்கியிராது எனக் கம்பனி காட்டுமாயின் இன்றும் அவர் வெறுங்கையராகலாம்.

இச்சீர்திருத்தத்தைக் கொண்டாடும்போதும் அதன் எல்லையை உணர்தல் வேண்டும். ‘வண்டி ஏதேனும் விதத்தில் மாற்றியமைக்கப்பட்டுள்ளதா?’ என்ற அகன்ற வினாவை எழுப்பிவிட்டுக் கம்பனி ஓய்ந்திருப்பின், சுமை மறுபடியும் விடையளிப்பவரிடமே நகர்கிறது. வினா எவ்வளவு தெளிவானது, குறிப்பானது என்பதையும் கவனத்தை அளக்கும்போது நோக்கவேண்டும் என அச்சட்டம் கூறுதல் இதனாலேயே முக்கியமாகிறது.

8. இலங்கைக்கு வந்த வழி

ஆங்கில வணிகச் சட்டம் குடியேற்ற ஆட்சியின் வழியாக இத்தீவுக்கும் வந்தது. 1852ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கடல்சார் விடயங்களிலும், 1866ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஆயுள், தீக் காப்புறுதிகளிலும் ஆங்கிலச் சட்டத்தைப் புகுத்தின. பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் விரிவும் இச்சட்டங்களின் வருகையும் ஒரே காலத்தவை என்பது தற்செயலன்று. 1951ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தில் மூன்றாந் திறத்தார் காப்புறுதி இடம்பெற்றது. 1961இல் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் சட்டத்தால் அமைக்கப்பட்டு, ஆபத்தைப் பகிரும் தொழில் பொதுவுடைமையாக்கப்பட்டது. 1980களில் அது மீண்டும் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. உடைமை மாறியபோதும் படிவத்தின் மொழியும் மனோபாவமும் எவ்வளவு மாறின என்பது தனி ஆய்வுக்குரியது.

மாற்றியமைப்பின் சமூகப் பொருளை யாழ்ப்பாணத்தார் அனுபவித்து அறிவர். 1990களின் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் அரிதாகிவிட, ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பழைய வண்டிகள் சில துளி பெற்றோலால் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றவை அவ்வண்டிகளே. இம்மாற்றத்தை எப்படிவத்தின் எந்நிரலில் எழுதுவது? உற்பத்தியாளரின் விதிக்கு அது விலகல். மக்களுக்கு அது வாழ்வு. மாற்றம் என்ற சொல்லுக்கு நடுநிலையான பொருள் இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

9. முடிவுரை

1766இல் மான்ஸ்பீல்ட் பிரபு வகுத்த விதிக்குப் பொருளியல் அடிப்படை ஒன்றிருந்தது: விடயத்தை அறிந்தவர் ஒருவர், அறியாதவர் மற்றவர். இன்று எந்த மாற்றியமைப்பு எவ்வளவு ஆபத்தைத் தரும் என்ற புள்ளிவிபர அறிவு முழுவதும் கம்பனியிடமே குவிந்துள்ளது. உரிமையாளர் அறிந்தது தம் வண்டியை மாத்திரம். அதன் பொருளை அறிந்தது கம்பனி. ஆகவே அவ்விதியின் தர்க்கத்தை அதன் முடிவுவரை கொண்டுசெல்வோமாயின், பேசும் கடமை இன்று முதலிற் கம்பனிக்கே உரியது. எவற்றை அறிய விரும்புகிறதோ அவற்றை ஒவ்வொன்றாக, ஒப்பமிடுபவரின் தாய்மொழியில், அவர் விளங்கும் சொற்களில் அது கேட்டல் வேண்டும். கேட்டபின் உண்மையைச் சொல்லுதல் உரிமையாளரின் கடன். சொன்னதை எழுத்திற் சொல்லிப் பிரதியைப் பேணிக்கொள்ளுதல் அவரது பாதுகாப்பு.

சட்டத்தின் இம்மாற்றம் கம்பனிகளின் மனமாற்றத்தால் விளைந்ததன்று. இரு நூற்றாண்டுகளாகத் தோற்ற வழக்காளிகளின் வரிசையொன்று இதன்பின் நிற்கிறது. சிறு இயந்திரத்தைப் பரீட்சித்தவர், பத்து ஷில்லிங் தண்டம் கட்டியவர் ஆகியோர் வரலாற்று நூல்களில் இடம்பெறுவோர் அல்லர். ஆயினும் சட்டத்தின் வரலாறு நீதிபதிகளின் வரலாறு மாத்திரமன்று என்பதை நமக்கு உணர்த்துவோர் அவர்களே.